பெட்டிக்குச் சுவர் கட்டிய ஏலோன்

எருசலேமில் ஆலயம் எழும்புவதற்கு வெகு காலம் முன்பு, இஸ்ரவேலருக்கு ராஜா என்று ஒருவர் இல்லாத நாளிலே, எப்பிராயீம் மலைநாட்டில் ஏலோன் என்று ஒரு கொத்தன் இருந்தான். நல்ல கொத்தன்தான், குறை சொல்லக் கூடாது. அவன் வைத்த கல் அசையாது. ஊரில் பாதி வீட்டு மாடிகளுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டியவன் அவன்தான்.

புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிச் சுவர் வைக்க வேண்டும், யாரும் விழுந்து சாகக் கூடாது என்பது அந்த மக்களுக்குக் கர்த்தர் கொடுத்த கட்டளை. அவர்களுக்கு மாடி என்றால் சும்மா கிடக்கிற இடம் இல்லை. சணல் காயப்போடுவது அங்கே, அத்திப்பழம் உலர்த்துவது அங்கே, பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான்.

ஏலோனும் தனக்கென்று ஒரு வீடு கட்டினான். மாடிச்சுவர் மட்டும் பாக்கி. அதற்குள் சீலோ என்ற ஊரில் பண்டிகை வந்தது. போனான். கர்த்தரின் கட்டளைப் பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி அங்கே ஒரு கூடாரத்தில் இருந்தது; அந்தக் கூடாரத்தைத் தூரத்தில் நின்று பணிந்துகொண்டான். திரும்பும் வழியில் ஒருவன் அவன் காதருகே குனிந்து, "அண்ணே, பெட்டியைச் சுமக்கிற தண்டுல இருந்து உரிஞ்ச சிராய் இது. உங்க முகத்துக்காகத் தர்றேன்" என்றான். ஏலோனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு வெள்ளாடுகளைக் கொடுத்து, விரல் நீளச் சிராய் ஒன்றை வாங்கி வந்தான்.

அதை வைக்க ஒரு சின்ன மரப்பெட்டி செய்தான். நீலத் துணியைச் சுற்றினான். ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று மாடி விளிம்பில் வைத்தான். அன்றோடு அவனுடைய காலை ஜெபம் நின்றது. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதுமே! மூச்சு விடுவதற்குள் பக்தி முடிந்துவிடும், கூழும் ஆறாது.

அவன் மனைவி அக்சாளுக்கு வேறு கவலை. அவர்களுக்கு மில்காள் என்று ஒரு கைக்குழந்தை இருந்தாள்.

வாற்கோதுமை அறுப்பின்போது அக்சாள் கேட்டாள்: "என்னங்க, பிள்ளை இன்னும் கொஞ்ச நாள்ல தவழப் போறா. சுவர் வைக்கலையா?"

"பெட்டி இருக்கே!" என்றான் ஏலோன்.

கோதுமை அறுப்பின்போது கேட்டாள்: "தவழ ஆரம்பிச்சிட்டா."

"பெட்டி இருக்கே! நம்ம மாடியில இருந்து பூனைகூட விழாது."

திராட்சை அறுப்பின்போது கேட்டாள்: "விளிம்பு வரைக்கும் போறா. கர்த்தர் சுவர் கட்டுன்னுதானே சொன்னார்? பெட்டி வையுன்னா சொன்னார்?"

ஏலோன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "உனக்கு விசுவாசம் போதாது, அக்சா. பெட்டி இருக்கே!"

ஒரு மத்தியானம் மேற்கிலிருந்து காற்று அடித்தது. பெட்டி இரண்டு விரற்கடை நகர்ந்தது. அவ்வளவுதான், ஏலோன் துள்ளி எழுந்தான். ஓடினான், கல் பொறுக்கினான், சாந்து குழைத்தான். பெட்டியைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் கச்சிதமாய் ஒரு சுவர் எழுப்பினான்.

அக்சாள் மேலே வந்து பார்த்தாள். "இது எதுக்கு?"

"பெட்டி விழுந்துடக் கூடாதில்ல!"

"ஓகோ. நம்மை விழாம பார்த்துக்கிற பெட்டி, அதுவே விழுந்துடுமா?"

ஏலோனுக்குக் காது சிவந்தது.  சாந்துக் கரண்டியைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான். அவனை மட்டும் சொல்லி என்ன செய்ய? பிற்காலத்தில் இஸ்ரவேல் சேனையே சீலோவிலிருந்த அந்தப் பெரிய பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், தோற்று, அதையும் பறிகொடுத்து வந்தது. நம் ஆள் வெறும் சிராயோடு நின்றுவிட்டான்.

மறுநாள் அக்சாள் முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏலோன் மாடியில் அத்திப்பழம் பரப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாயில் தூங்கிய மில்காள் விழித்தாள். புதுச்சுவர் கண்ணில் பட்டது. அவள் உயரத்துக்கே அளந்து கட்டிய குட்டி வீடு! தவழ்ந்து போனாள், சுவரைப் பிடித்து எழுந்தாள், நீலத் துணியை இழுத்தாள். பெட்டி வரவில்லை, துணி மட்டும் உருவிக்கொண்டு வந்தது. பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தாள். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

"கர்த்தாவே!" என்று அலறிக்கொண்டு ஏலோன் பாய்ந்தான். பெட்டியைக் கூப்பிடும் நினைப்பே அவனுக்கு வரவில்லை. ஒரு பாதம் கையில் சிக்கியது. பிள்ளை தலைகீழாய்த் தொங்கினாள். கீழே அக்சாள் மாவுக் கைகளை விரித்து நின்றாள். மெல்ல, மெல்ல, மெல்ல இழுத்தான். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அக்சாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். ஏலோன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணி போனாலும் அது இருந்த இடத்தில் அசையாமல், சொகுசாய் இருந்தது.

"அதுக்கு ஒண்ணும் ஆகலை, அக்சா" என்றான்.  "அதுக்கு நான் சுவர் கட்டியிருந்தேன். பிள்ளைக்குத்தான் கட்டலை."

அவன் அழுதான். பல மாதங்களுக்குப் பிறகு, வெறுங்கையோடு ஜெபித்தான். பிறகு எழுந்து மாடிச்சுவருக்குக் கல் சுமக்கப் போனான்.

இதனால் அறிவது என்னவென்றால், கடவுள் சொன்னதைச் செய்யாமல் புனிதப் பொருளை நம்பியிருப்பவன், அந்தப் பொருளுக்குத்தான் காவல் இருப்பானே ஒழிய, அது அவனைக் காக்காது.