ஊர்வசியின் மூக்கு

“மூக்கு எங்கே? ரம்பைக்கு மூக்கு இருக்கிறது. மேனகைக்கு மூக்கு இருக்கிறது. ஊர்வசியின் மூக்கை மட்டும் யார் தின்றது?”

ஓர் எழுத்துக் கூட்டாமல், ஓர் எழுத்துக் குறைக்காமல், ராணி கேட்டது இதுதான்.

“பிறவியிலேயே சப்பை மூக்கு, மகாராணி,” என்றாள் செங்கமலம், பட்டென்று.

“தேவலோகத்தில் சப்பை மூக்குக்காரி ஆடினாளா?”

“பூலோகத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நாங்கள் ஆடவில்லையா?”

எந்த ராணி, எந்தச் செங்கமலம் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? சொல்லத்தான் போகிறேன். நடுவில் பேசாமல் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், மழை சொன்ன நாளில் பெய்த காலத்தில், வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த அரண்மனையின் நாட்டிய மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு மூன்று பித்தளைப் பெண்கள் நின்றார்கள். ரம்பை கையில் கண்ணாடி. மேனகை தோளில் கிளி. ஊர்வசி ஒரு காலை மடித்துச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று பெண்களுக்கும் ஆளுக்கொரு பணிப்பெண். ரம்பையைப் பார்த்துக்கொண்ட குப்பாயி, பௌர்ணமிக்கு ஒரு தரம் தண்ணீர் காட்டுவாள். மேனகையைப் பார்த்துக்கொண்ட வடிவாம்பா, திருவிழாவுக்கு ஒரு தரம் துணி காட்டுவாள். செங்கமலம் அப்படியா? காலையில் புளி. மத்தியானம் செங்கல் தூள். சாயங்காலம் உமிக்கரி. ஒரு நாளுக்கு மூன்று தரம், பன்னிரண்டு வருஷம்.

“என்ன குப்பாயி அக்கா, உங்கள் ரம்பை பாசி பிடித்த குளத்தில் முங்கிவிட்டு வந்தாளா? காதெல்லாம் பச்சை!” என்பாள்.

“ஏண்டி, உனக்குக் கை வலிக்கவே வலிக்காதா?” என்பாள் குப்பாயி, வெற்றிலையை மென்றபடி.

வலிக்காது. புருஷனும் பிள்ளையும் இல்லாத செங்கமலத்துக்கு ஊர்வசிதான் எல்லாம். “வாடி தங்கம், முகம் கழுவலாம்,” என்று அவளோடு பேசிக்கொண்டே தேய்ப்பாள். அந்தக் கன்னத்தில் தன் முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பாள். தெரிந்த பிறகும், ஆசைக்கு இன்னும் நாலு தேய். வந்தவர் போனவர் எல்லாம் “என்ன பளபளப்பு!” என்றார்கள். தினமும் பார்க்கிற அவர்கள் கண்ணில் வேறொன்றும் படவில்லை. செங்கமலத்தின் கண்ணிலும்தான்.

ராஜா அந்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டு வந்த ராணி, வெளிநாட்டுப் பெண். புதுக் கண். மண்டப வாசலில் கால் வைத்தவுடனே மூக்கு இல்லாதது தெரிந்துவிட்டது.

“சரி, செய்தவரையே கேட்போம்,” என்றாள் ராணி. “பிறவிச் சப்பை என்றால் நின்றுவிட்டுப் போகட்டும். வந்த சப்பை என்றால், கோயில் மணி வார்க்க உலோகம் குறைகிறது, ஊர்வசி உலைக்குப் போவாள். வெள்ளிக்கிழமை முடிவு.”

அன்றைக்குச் சாயங்காலம் செங்கமலம் உமிக்கரியை எடுக்கவில்லை. முதல் முறையாக ஊர்வசியின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மூக்கு இருந்த இடம் வழவழ. புருவம் இருந்த இடம் வழவழ. உதடு இருந்த இடமும் வழவழ. எங்கே போயிற்று எல்லாம்? தினமும் புளித்தண்ணீரைக் கொட்டிய வாழைப்பாத்தியைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊர்வசியை அங்கேதான் ஊற்றியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று பெண்களையும் வார்த்த கிழவர், ஸ்தபதி பொன்னம்பலமும் வந்தார். பேச்சுக் குறைவான மனிதர். மூன்று உருண்டை தேன்மெழுகு எடுத்தார். இளக்கி, ஒவ்வொரு முகத்திலும் அழுத்தி, எடுத்துக் காட்டினார்.

ரம்பையின் மெழுகில் மூக்கு இருந்தது, மூக்குத்தியும் இருந்தது. மேனகையின் மெழுகில் உதடு இருந்தது, உதட்டு வரியும் இருந்தது. ஊர்வசியின் மெழுகு உள்ளங்கையில் அழுத்தின இட்லி மாதிரி மொழுமொழுவென்று வந்தது.

செங்கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் கிழவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் போய், ராணி காதில் விழாமல் சொன்னார்: “நான் வார்த்தது இப்படித்தான் என்று நீ சொல்லு தாயி. நான் தலையாட்டிவிடுகிறேன். உன் பெண் பிழைத்துக்கொள்வாள்.”

ஒரே ஒரு பொய். அதுவும் அன்றைக்கு யோசிக்காமல் சொன்ன அதே பேச்சு.

செங்கமலம் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

“மகாராணி, இவள் சப்பையாகப் பிறக்கவில்லை. எடுப்பான மூக்கு. அதை எடுத்தது என் கை. புருவத்தை எடுத்ததும் என் கை. சிரிப்பு ஒன்று இருந்தது, அதையும் நான்தான் தேய்த்துவிட்டேன். இப்படியே பிறந்தாள் என்று சொல்லிவிட்டால், அந்தச் சிரிப்பு இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அது இவளை இன்னொரு தரம் தேய்க்கிற மாதிரி. என்னால் ஆகாது. உலையில் போடுவதானால், சிரித்த பெண்ணைப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.”

குப்பாயி வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

“எப்படி இருந்தது அந்தச் சிரிப்பு?” என்று கேட்டாள் ராணி.

“இடது ஓரம் ஒரு நெல் அளவு உயரம். சலங்கையில் கடைசி முடிச்சுப் போட்டாயிற்று, இதோ எழுந்திருக்கப் போகிறேன் என்கிற மாதிரி.”

“நெல் அளவுதான்,” என்றார் ஸ்தபதி. “வார்த்த எனக்கே மறந்துவிட்டது.”

ராணி வெகு நேரம் ஊர்வசியைப் பார்த்தாள். நாலு வார்த்தை கேட்ட பிறகு அந்த வெறும் முகத்தில் சிரிப்பின் இடம் அவளுக்கும் தெரிந்தது போலும். “மணிக்கு வேறு உலோகம் தேடுங்கள்,” என்றாள். “இவள் இங்கேயே நிற்கட்டும். நீயே பார்த்துக்கொள். ஆனால் செங்கல் தூளை இந்த வாசலில் இனிப் பார்த்தேன் என்றால் உன்னை உலையில் போடுவேன்.”

அன்று முதல் மூன்று பித்தளைப் பெண்களுக்கும் ஒரே பக்குவம். மாதம் ஒரு தரம் நீர்த்த புளித்தண்ணீர், உடனே நல்ல தண்ணீர், பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுப்பது. ரம்பையின் காதுப் பச்சை மெள்ள மெள்ளப் போயிற்று. குப்பாயி கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் போதும், “போதும் அக்கா, கையை எடுங்கள்!” என்று செங்கமலத்தின் குரல் மண்டபமெல்லாம் கேட்கும்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டாலும், கையை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரிடம்தான் எதுவும் முழுசாக நிலைக்கும்.

செங்கமலம் மட்டும் தினமும் வேலை முடிந்ததும் துணியை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்வசியின் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள். கை தானாக எழும்பும். பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்பாள்:

“ஒரே ஒரு தரம் சிரியேன், தங்கம்.”