கருவாடு இல்லாத கோட்டை

"மேடம், ஒரே ஒரு கையெழுத்து. அஞ்சு மணிக்கு ஆபீஸ்ல ஷட்டர இறக்கிருவாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

திருமேனி மூச்சு வாங்கிக்கிட்டே ரிப்போர்ட்ட நீட்டினான். ரெண்டு மாடி ஓடியே ஏறி வந்திருந்தான். எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாம் வருசம் படிக்கிற பய. பரீட்சைக்குக்கூட இப்படி ஓடுனதில்ல.

அவனுக்குப் பாடம் எடுக்குற ஜெசிந்தா மேடம் அத வாங்கல. ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அவங்களுக்கும் அவனுக்கும் வயசுல ஏழெட்டு வருசம்தான் வித்தியாசம். ஆனா அவங்க பேசாம இருந்தாலே போதும், எதிர்ல நிக்கிறவனுக்கு நாம என்னமோ தப்பு பண்ணிட்டோம்னு தோண ஆரம்பிச்சிரும். அது ஒரு மாதிரி வரம்.

"உக்காரு."

"உக்கார நேரமில்ல மேடம்."

"அப்ப கையெழுத்துக்கும் நேரமில்ல."

உக்காந்தான்.

விசயம் இதுதான். ஹிஸ்டரி பசங்கள யுனிவர்சிட்டி தன் செலவுல ஒரு வாரம் எங்கயாவது அனுப்பி வைக்கும். போயி பாத்துட்டு வந்து ரிப்போர்ட் எழுதணும். திருமேனி போனது கடலோரத்துல ஒரு பழைய கோட்டைக்கு. எவன் ரிப்போர்ட் நல்லாருக்கோ அவனுக்கு அடுத்த ட்ரிப் இந்தோனேசியா. ப்ளேன்ல.

திருமேனி அதுவரைக்கும் ப்ளேன அண்ணாந்துதான் பாத்திருக்கான். ஜன்னல் சீட்டு கேக்கணும்னு முடிவு பண்ணி, அத அம்மாகிட்ட சொல்லி, அம்மா தெரு பூரா சொல்லி, இப்ப போகாம இருந்தா தெருவுல தலை காட்ட முடியாதுங்கிற நெலமை.

மேடம் ரிப்போர்ட்டப் பிரிச்சாங்க. மொத வரிய சத்தமா படிச்சாங்க.

"'பருந்துமுனைக் கோட்டை மனித நடமாட்டமின்றி வெறிச்சோடிக் கிடக்கிறது.'"

"எப்படி மேடம்?"

"நல்ல வரி."

"தேங்க்ஸ் மேடம். போற பஸ்லயே எழுதிட்டேன்."

மேடம் ஒரு சுளைய வாயில போட்டாங்க.

"போறதுக்கு முன்னாடியே தெரியுமா, வெறிச்சோடிக் கிடக்குன்னு?"

"இருநூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளக்கார தொர போய்ட்டு வந்து அப்படித்தான் எழுதி வெச்சிருக்காரு. அப்பவே அப்படின்னா, இப்ப கேக்கவா வேணும்?"

மேடம் அடுத்த பக்கத்துக்குப் போனாங்க. அங்க போட்டோ ஒட்டியிருந்துச்சு. மதிலு, முற்றம், படிக்கட்டு, ஒரு பீரங்கி. பேருக்குக்கூட ஒரு ஆளு இல்ல.

ரொம்ப நேரம் பாத்தாங்க.

"படிக்கட்டுல இது என்ன, வெள்ளையா?"

திருமேனி குனிஞ்சு பாத்தான்.

"நெத்திலி மேடம்."

"வெறிச்சோடிக் கிடக்குற கோட்டைக்குள்ள நெத்திலி எப்படி வந்துச்சு? கடல்லேருந்து நடந்தா?"

திருமேனி தலையச் சொறிஞ்சான்.

"அது வந்து மேடம்... நான் போனப்ப உள்ள ஒரே கருவாடு. முற்றம் பூரா காய வெச்சிருக்காங்க. பொம்பளைங்க வட்டமா உக்காந்து ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்காங்க. ஒரு அம்மா பீரங்கி மேல சேலையக் காயப் போட்டிருக்கு. பீரங்கி மேல மேடம்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கொஞ்சம் எடுங்கம்மா, போட்டோ எடுக்கணும்னேன். கழுத்துல ஐ.டி. கார்டு தொங்குச்சுல்ல, கவர்மென்ட்டு ஆளுன்னு நெனச்சுட்டாங்க. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மொத்தத்தையும் அள்ளிக்கிட்டு மதிலுக்கு வெளிய போய்ட்டாங்க. தங்கமான ஜனங்க மேடம்."

"யாரும் ஒண்ணும் கேக்கலயா?"

"ஒரு அக்கா மட்டும் கூடைய இடுப்புல வெச்சுக்கிட்டு, 'எப்ப தம்பி உள்ள வரலாம்?'னு கேட்டுச்சு. கூப்புடுறேன்க்கா, சித்த இருங்கன்னேன்."

"கூப்புட்டியா?"

"பஸ் வந்துருச்சு மேடம்."

மேடம் கையத் தொடச்சாங்க. பேனாவ எடுத்தாங்க.

திருமேனி மனசுக்குள்ள ப்ளேன் ஏறி, பெல்ட்டு போட்டு, ஜன்னலோரமா சாஞ்சு உக்காந்துட்டான்.

"கொஞ்சம் எந்திரி."

"எதுக்கு மேடம்?"

"போட்டோ எடுக்கணும்."

அவன் சட்டுன்னு முடியச் சரி பண்ணான்.

"உன்னைய இல்ல. ரூம. வாசலுக்கு வெளிய போய் நில்லு. பையையும் எடுத்துக்க."

போனான். மேடம் செல்போன்ல ஒரு போட்டோ எடுத்தாங்க. காலி நாற்காலி. மேல ஃபேன். மேசையில ஆரஞ்சுத் தோலு.

அப்புறம் ஒரு வெள்ளத் தாள்ல ஒரு வரி எழுதி, அதையும் சத்தமா படிச்சாங்க.

"'இந்த வரலாற்றுத் துறைக்கு மாணவர்கள் யாரும் வருவதில்லை.'"

திருமேனிக்கு சிரிப்பு வந்துருச்சு.

"என்ன மேடம், குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கிறேன்!"

மேடம் செல்போன அவன் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க.

"எங்க?"

அவன் பாத்தான். எங்கயும் இல்ல.

மேடம் அந்தத் தாள நாலா மடிச்சு டிராயர்ல வெச்சாங்க.

"பத்திரமா இருக்கட்டும். இருநூறு வருசம் கழிச்சு ஒருத்தன் பஸ்ல வருவான்."

அப்புறம் வேற ஒரு பையனோட பரீட்சைப் பேப்பர எடுத்துத் திருத்த ஆரம்பிச்சுட்டாங்க. வாசல்ல ஒருத்தன் நிக்கிறான்ங்கிற நெனப்பே இல்லாத மாதிரி.

திருமேனி நின்னான். பைய இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு மாத்துனான். கதவு தெறந்துதான் இருக்கு. யாரும் மறிக்கல. ஆனாலும் போகச் சொன்னவங்க வரச் சொல்லாம கால உள்ள வைக்க மனசு வரல.

கீழ ஆபீஸ்ல ஷட்டர் பாதி இறங்குற சத்தம் கேட்டுச்சு.

"மேடம்... எப்ப மேடம் உள்ள வரலாம்?"



மீதி ஷட்டரும் கடகடன்னு இறங்குச்சு. அவன் திரும்பிப் பாக்கல.

இதே கேள்வி அவன் காதுல ஏற்கெனவே விழுந்திருக்கு. கருவாட்டு வாசனையோட.