வயிறு பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில், மனிதனும் அவன் வயிறும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தாண்டவராயன் என்று ஒரு பெருந்தீனிக்காரன் இருந்தான். ‘பந்திக்கு முந்து’ என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவன். படைக்கு முந்தினானா பிந்தினானா என்று யாரும் பார்த்ததில்லை.

அவன் வயிற்றுக்குள் புளியன் என்ற அமிலமும், வயிற்றுச் சுவராகிய அவன் தங்கை சவ்வாயியும் குடியிருந்தார்கள். சோற்றோடு நுழையும் கிருமிகளைப் பொசுக்குவது அண்ணன் வேலை. அவன் சூடு தன்மேல் படாதிருக்கத் தங்கை தினமும் உடம்பெல்லாம் வழவழவென்று கோழையைப் பூசிக்கொள்வாள்.

தொடர்ந்து ஏழு கல்யாணங்களில் தின்றதில் தாண்டவராயனுக்கு நெஞ்செரிச்சல் வந்தது. குற்றம் வாயுடையது. பழி விழுந்தது புளியன் தலையில்!

வைத்தியச்சி செங்கமலம் ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தாள். “இது புளியனைத் தூங்க வைக்கும். பத்து நாள் போதும். அதுக்கு மேல தின்னணும்னா என்கிட்ட கேட்டுத் தின்னு. விடும்போதும் சட்டுன்னு விடாதே, கொஞ்சங்கொஞ்சமாக் குறை” என்றாள்.

பத்தே நாளில் எரிச்சல் போனது. அந்த மடையன் பொடியை விட்டானா? பொடி இருக்கிற தைரியத்தில் இன்னும் இரண்டு இலை சேர்த்துத் தின்றான். இப்படி மூன்று வருடம்.

“அண்ணன்தான் தூங்குதே, யாருக்குப் பயந்து பூசணும்?” என்று சவ்வாயி பூச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் ஊசிப்போன குழம்போடு கிருமிகள் கும்பலாக இறங்கின. தடுக்க ஆளில்லை.

“ஐயா, கடிக்குதுங்க! அண்ணனை எழுப்புங்க. ஆனா மெதுவா எழுப்புங்க, என் மேல பூச்சு இல்ல” என்று அவள் கதறினாள்.

“எல்லாம் இந்தப் பொடியால வந்த வினை” என்று தாண்டவராயன் பொடிச்சட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்தான். வைத்தியச்சி சொன்னதும் அவன் காதில் ஏறவில்லை, வயிறு கெஞ்சியதும் ஏறவில்லை.

மூன்று வருடம் அடங்கிக் கிடந்த புளியன் பொங்கி எழுந்தான். கிருமிகள் செத்தன. பூச்சில்லாமல் நின்ற தங்கையும் வெந்துபோனாள்.

புண்ணாகிக் கிடந்தவளைப் பார்த்துப் புளியன் அலறினான்: “அடப்பாவி! என் கையாலயே என் தங்கச்சியைச் சுட வச்சிட்டியேடா! அவ அவ்வளவு சொன்னாளே, கேட்டியா? இனிமே உனக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது!”

தாண்டவராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

அன்று விட்ட பேச்சுதான். இன்றுவரை வயிறு நம்மிடம் முணுமுணுக்கிறதே தவிர, ஒரு வார்த்தை சொல்வதில்லை. யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒருநாள் பட்டென்று நிறுத்துகிறவனுக்கு முன்னைவிட அதிகமாக எரிகிறதே, அது தங்கையைச் சுட்ட அண்ணனின் ஆத்திரம். நமக்கு நன்றாக வேண்டும்.