ஏழாவது சட்டம்

மலையடிவார மடத்தில் மாசிலாமணிக்கு ஒரே வேலை. துக்கத்தோடு வருகிறவர்களை முன்னறையில் உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்பது. ஆறு வருஷமாகக் கேட்டார். நேற்று, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு தாயைப் பார்த்து, "எத்தனை பேர் கதையைத்தான் நான் கேக்கிறது? போம்மா!" என்று மடமே கேட்கக் கத்திவிட்டார். அந்த அம்மாள் பாதியில் எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு இவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் பையோடு குருவின் முன் வந்து நின்றார். குரு ஞானாம்பிகை அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் குரு குருதானே.

"கிளம்புறேன்மா. எனக்குத் தாங்குற சக்தி இல்லை."

"சரி. போறதுக்கு முன்னாடி ஏணியைக் கொஞ்சம் பிடிங்க."

புத்தக அறையில் தச்சர் சூசை வேலையாக இருந்தார். தலைக்கு மேலே, சுவருக்குச் சுவர் பதினோரு மரச்சட்டங்கள். அவற்றின்மேல்தான் மாடியின் பலகைத் தளம். ஏழாவது சட்டம் மட்டும் சுவரோரமாக இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தளமும் கூடவே அமிழ்ந்திருந்தது.

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். "உளுத்த மரம். கழற்றி எறியவேண்டியதுதான்."

சூசை சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. "உளுத்ததா! மத்த பத்தும் இதுவும் ஒரே தேக்கு, சாமி. வைரம் பாஞ்ச மரம்."

"அப்புறம் ஏன் இறங்குச்சு?"

சூசை சுவரைக் காட்டினார். முந்தைய குருவின் படத்தை வைக்க, யாரோ பக்தி முற்றிப்போய், சட்டத்தின் நுனிக்கு நேர் கீழே சுவரைக் குடைந்து மாடம் செய்திருந்தார்கள். வேறு இடமா கிடைக்கவில்லை! நுனி அந்தரத்தில் நின்றது.

"மத்ததெல்லாம் மேல வர்ற பாரத்தைச் சுவத்துக்குக் குடுத்திருது. இதுக்குக் குடுக்க இடமில்லை. ஆணியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கு, பாவம்."

படத்தை இறக்கினார்கள். சூசை முட்டுக் கொடுத்துச் சட்டத்தை உயர்த்த, ஞானாம்பிகை ஏணியில் ஏறி மாடத்தில் கல்லை அடுக்கினார். முட்டுக்கட்டையை எடுத்ததும் சட்டம் கல்லில் உட்கார்ந்தது.

ஞானாம்பிகை மேலிருந்தபடியே கேட்டார்: "நேத்து அந்த அம்மா சொன்னதை யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டேயும் இல்லை. இங்கே கேட்டது வெளியே போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் வெளியா?"

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆறு வருஷத்துக் கதை இருக்கேம்மா."

ஞானாம்பிகை இறங்கி வந்தார். கைச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, மாசிலாமணியின் பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

"அந்த அம்மா வீடு மூணு மைல். ரெண்டு பேருமா போவோம். நடந்துக்கிட்டே சொல்லுங்க. முதல்ல வந்தவர்லேருந்து ஆரம்பிங்க."