தூக்கத்தில் நரி சொன்ன பொய்

அந்தக் காலத்தில், உயிரோடிருப்பவர்களின் கரைக்கும் இறந்தவர்களின் கரைக்கும் நடுவே ஓடிய ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது. ஆடு, மாடு, காக்கை, பல்லி எல்லாம் பேசின. பல்லி இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆனால் இரண்டு கரைக்கும் போய்வர முடிந்தது நரிக்கு மட்டும்தான். அதன் வளை சுடுகாட்டு ஓரத்தில் இருந்தது. எங்கே போகிறாய் என்று யாரும் அதைக் கேட்டதில்லை.

அக்கரை பயப்படும்படியான இடமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே வெயில் சுடாது, வயிறு பசிக்காது, எந்த நோவும் தொடராது. வாசனை மட்டும் கிடையாது. பூவை மூக்கோடு வைத்து அழுத்தினாலும் வெறும் காற்றுதான் வரும். பிறகு, மறதி. வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மறப்பார்கள். வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்பது முதலில் போகும். அப்புறம் கூடப் பிறந்தவர்களின் முகம், கடைசியில் தன் பெயர். அதன்பின் ஒருநாள், வாசனையே இல்லாத அந்த இடத்தில், திடீரென்று பால் மணக்கும். இக்கரையில் ஒருத்தி தன்னைப் பெறப்போகிறாள் என்று அதற்கு அர்த்தம். அந்த மணம் வந்தவர் எழுந்து ஆற்றில் இறங்கிப் பிறக்கப் போய்விடுவார். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு யாரை நினைவிருக்கிறது?

உமையாள் பதினேழு வயதில் காய்ச்சலில் அங்கே வந்து சேர்ந்தாள். கரையில் அவள் வயதை ஒத்தவன் ஒருவன்தான் இருந்தான். சம்மணமிட்டு உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லிக்கிட்டிருக்கே?" என்று கேட்டாள்.

"என் பேரு. மறந்துடும்னாங்க. அதான் விடாம சொல்றேன். காத்தான், காத்தான், காத்தான்."

"நான் பேச்சுக் கொடுத்ததுல விட்டுட்டியே."

"ஆமா." அவன் முகம் மாறியது. "என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

அவள் பதறிப்போனாள். "காத்தான். உன் பேரு காத்தான்."

"தெரியும். சும்மா பார்த்தேன்" என்று சிரித்தான்.

"செத்தும் திருந்தலை. எப்படி வந்து சேர்ந்தே?"

"அடுத்தவங்க தோப்பு மாமரத்துலேருந்து விழுந்தேன்."

"மாங்காயாவது கிடைச்சுதா?"

"கையிலதான் இருந்தது. அது மேலேயே விழுந்து நசுக்கிட்டேன். புளிப்பு வேற."

அன்று அவன் விளையாட்டாகச் செய்ததிலிருந்துதான் அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அக்கரையில் தன்னுடையது தனக்கு மறக்கும். அடுத்தவர் சொன்னது மறக்காது. ஆகவே அவன் தன் கதையை அவளிடம் கொடுத்து வைத்தான். அவள் தன்னுடையதை அவனிடம் கொடுத்தாள். அவள் ஊர்க் குளத்தில் எத்தனை படி, எந்தப் படி வழுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவின் இடது காது அறுந்திருந்தது அவளுக்குத் தெரியும்.

"ஏன் அறுந்தது?" என்று அவன் கேட்பான், தெரியாமல்தான்.

"கைக்குழந்தையா இருக்கும்போது நீதான் தோட்டைப் பிடிச்சு இழுத்தே. ரத்தம் கொட்டுச்சாம். அப்பவும் உன் விரலை நோகாமப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ மரத்தடியில கிடந்தப்போ உன் தலையை மடியில வெச்சுக்கிட்டு, 'தூங்குறான், யாரும் எழுப்பாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போகும்போது நீ அதைப் பார்த்தே. நீதான் எனக்குச் சொன்னே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். அக்கரையில் கைகளுக்குச் சூடு கிடையாது. ஆனாலும் அவன் பிடித்து விட்ட கையை அவள் உடனே எங்கும் வைக்கமாட்டாள்; மடக்கி வைத்துக்கொண்டே இருப்பாள். மற்றவர்கள் மறந்து மறந்து லேசாகிக்கொண்டிருந்த கரையில் இவர்கள் இருவர் மட்டும் கனத்துக்கொண்டே போனார்கள்.

ஒருநாள் பேச்சின் நடுவே உமையாள் நிறுத்தினாள். "என்னமோ மணக்குது."

காத்தான் மூச்சை இழுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

ஆற்றோரம் படுத்திருந்த நரியிடம் ஓடினார்கள். "போகாம இருந்தா என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

"இங்கே ஒண்ணும் ஆகாது" என்றது நரி. "அங்கே பொன்னாத்தாள்னு ஒருத்தி இருக்கா. ஏற்கெனவே ஒரு பிரசவத்துல வெறும் மடியோட எழுந்தவ. இப்ப நடக்கும்போதுகூட வயித்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறா. நீ போகலேன்னா மறுபடியும் அப்படி எழுந்திருப்பா. அவ்வளவுதான்."

உமையாள் காத்தானைப் பார்த்தாள். போகாதே என்று அவன் சொல்லவில்லை. போ என்றும் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வரைக்கும் கூட வந்தான். அவள் இறங்கினாள். கணுக்கால் நனைந்ததும் திரும்பி, வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் சொல்லிப் பழகிய வாயால் சொன்னாள்.

"போயிட்டு வரேன்."

அவனும் எல்லோரும் சொல்வதையே சொன்னான். "போயிட்டு வா."

ஆறு ஒரு கணம் நின்று ஓடியது. இருவரும் கவனிக்கவில்லை.

பொன்னாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை அழவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திருப்பிக்கொண்டது. எந்தப் பக்கம் படுக்கவைத்தாலும் அதன் முகம் சுடுகாட்டுத் திசைக்கே போனது. நரி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு அக்கரைக்குப் போயிற்று.

"அவ எப்படி இருக்கா?" என்றான் காத்தான். "என்னை நினைச்சுக்கிட்டு இருக்காளா?"

"நினைச்சுக்கிட்டு இல்லை. வந்துக்கிட்டு இருக்கா."

அவன் துள்ளி எழுந்தான். "எப்ப வரா?"

"பிறந்து ஒரு வாரம்கூட ஆகலை, தம்பி" என்றது நரி. "ஒரு மூச்சு விட்டுட்டு, அடுத்ததை விடலாமா வேணாமான்னு யோசிச்சு விடுது. வேற ஒண்ணுமில்லை, நீங்க ரெண்டு பேரும் சொன்னதைத்தான் செய்யுது. அவ வரேன்னா. நீ வான்னே. இங்கேருந்து கிளம்பினவங்க யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லை. இந்தக் கரையில சொன்ன சொல்லு சொன்னபடி நடந்துடும்."

வரட்டுமே என்று அவனுக்குள் ஒரு மனம் சொன்னது. அவன் அதை மறைக்கவும் இல்லை. "வந்துட்டா நல்லதுதானே?"

"உனக்கு நல்லது."

அவன் மணலைக் கிளறினான். பிறகு கேட்டான். "அந்த அம்மா என்ன பண்றாங்க?"

"பண்றதுக்கு என்ன இருக்கு? குழந்தை மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்க்கிறா. எடுக்கிறா. மறுபடி வெக்கிறா. தான் கண்ணை மூடினா அது போயிடும்னு நினைப்பு. அதனால மூடறதே இல்லை. நேத்து என்னை வேலியில பார்த்தா. நரின்னா கல்லெடுப்பாங்க. அவ கையெடுத்துக் கும்பிட்டா." நரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என்னைப் போய்."

காத்தானுக்குத் தன் தாயின் முகம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனால் உமையாளின் குரலில் ஒரு வாக்கியம் காதில் கேட்டது. தூங்குறான், யாரும் எழுப்பாதீங்க.

"நான் வான்னு சொன்னதைத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

"சொல்லைத் திருப்ப முடியாது. ஆனா வரச் சொன்ன வீட்டுல ஆள் இல்லைன்னு தெரிஞ்சா விருந்தாளி ஏன் கிளம்பப்போறா?"

"அப்ப அவகிட்ட போய்ச் சொல்லு. காத்தான் இல்லை, போயிட்டான்னு. குழந்தைக்கு நீ பேசறது புரியுமா?"

"வாய்ப்பேச்சு வர்ற வரைக்கும் இந்தக் கரைப் பேச்சுதான் அதுக்குப் புரியும். ஆனா நான் சொல்றது பொய்யாச்சே."

"நீ நரிதானே."

நரிக்குச் சிரிப்பு வரவில்லை. "யோசிச்சுச் சொல்லு. அவ நம்பிட்டா உன்னை விட்டுடுவா. உன் கதையெல்லாம் அவகிட்டதான் இருக்கு. அப்புறம் உனக்கு உன் பேருகூட நிக்காது, அவ கதையும் நிக்காது."

"தெரியும்" என்றான் காத்தான். "சீக்கிரம் போ. பேசிக்கிட்டே இருக்கியே."

நட்டநடுப் பகலில், ஊர் முழுக்கக் காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நரி பொன்னாத்தாளின் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் தூளியின் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்து அசந்துபோயிருந்தாள். நரி பின்னங்கால்களில் எழுந்து தூளிக்குள் தலையை விட்டுச் சொன்னது.

"உன் காத்தான் அங்கே இல்லை. நீ வந்தா கரையில யாரும் இருக்க மாட்டாங்க."

தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. முகம் சுருங்கியது. பிறகு வீடே அதிரும்படி முதல் தடவையாக அழுதது.

பொன்னாத்தாள் திடுக்கிட்டு எழுந்தாள். குழந்தையை வாரி எடுத்து மார்பில் வைத்தாள். அது இந்தத் தடவை வாயைத் திருப்பவில்லை. அவள் அழுதுகொண்டே பால் கொடுத்தாள். நரி கதவுக்குப் பின்னால் பதுங்கி நின்று, அந்தச் சப்புக்கொட்டும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போயிற்று.

ஆனால் மறுநாளும் அது வர வேண்டியிருந்தது. குழந்தை தூங்கும்போதெல்லாம் பழைய கரை நினைவு வந்தது, மூச்சு தளர்ந்தது. நரி மறுபடியும் "காத்தான் இல்லை" என்றது. குழந்தை விசும்பியது. அந்த விசும்பலை நரியால் தாங்க முடியவில்லை. "சரி சரி, சும்மா சொன்னேன், இருக்கான்" என்றது. குழந்தை கண்ணைத் திறக்காமலே சிரித்தது. சிரித்த கையோடு மூச்சு தளரத் தொடங்கியது. "ஐயோ, இல்லை, இல்லவே இல்லை" என்றது நரி. மறுபடி உதடு பிதுங்கியது. இப்படியே ஒவ்வொரு தூக்கத்திலும் அழவைப்பதும் சிரிக்கவைப்பதுமாக, அந்தப் பிராணி ஒரு உயிரைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பொன்னாத்தாளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விரட்டவில்லை.

அக்கரையில் காத்தான் தினமும் ஒரே கேள்வி கேட்டான். "இன்னிக்குச் சிரிச்சாளா?" சில நாளில் அவன் பெயர் போயிற்று. மாமரம் போயிற்று. யாரைக் கேட்கிறோம் என்பதும் போயிற்று. ஆனாலும் நரியைக் கண்டால் எழுந்து நின்று, "சிரிச்சாளா?" என்பான். "சிரிச்சா" என்று நரி சொன்னால், எதற்கென்று தெரியாமலே சந்தோஷப்பட்டு உட்காருவான்.

குழந்தைக்குப் பேச்சு வந்தது. முதலில் "அம்மா" என்றது. அந்த ஒரு சொல் வந்ததும் அக்கரைப் பேச்சு முழுவதும் அதன் காதிலிருந்து கழன்றுபோயிற்று. நரி கடைசியாக ஒருமுறை வந்து "இல்லை" என்று சொல்லிப் பார்த்தது. குழந்தை விழித்து, "நாய், நாய்" என்று கை தட்டியது. நரி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

சில நாள் கழித்து அக்கரையில் அவனுக்குப் பால் மணத்தது. பெயரில்லாமல், யாரிடமும் எதுவும் சொல்லாமல், நேராக ஆற்றில் இறங்கினான். நரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவன் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்றுவரை நாமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம்.

அவன் அடுத்த ஊரில் பிறந்தான். நன்றாக அழுதான், நன்றாகப் பால் குடித்தான். போக வேண்டிய அவசியமே இல்லாமல் நரி அங்கே போயிற்று. தூளிக்குள் தலையை விட்டது. சொல்வதற்கு இந்தத் தடவை அதனிடம் பொய் எதுவும் இல்லை.

"அவ இருக்கா" என்றது. "இந்தக் கரையிலதான். ஓடுறா, விழறா, எந்திரிக்கிறா. உன்னைவிட மூத்தவளாயிட்டா, அதனால என்ன, மெதுவா வளர்ந்து வா."

கண்ணை மூடியபடியே அந்தக் குழந்தை வாய் கொள்ளாமல் சிரித்தது.

அன்று முதல்தான், பேச்சு வராத குழந்தை தூக்கத்தில் காரணமில்லாமல் விசும்பினாலும் சிரித்தாலும், நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது என்று நாம் சொல்கிறோம். விழித்திருக்கும் தாய் மூச்சை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குழந்தையை எழுப்பாமல் விட்டுவிடுகிறாள்.