வாலாட்டிக் குருவி குளிர் பார்த்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வழியில் கண்டால் நின்று நலம் விசாரித்துக்கொண்ட காலத்தில், வாலாட்டிக் குருவிக்கு வாலாட்டத் தெரியாது. அதன் வால் குச்சிபோல் விறைப்பாக இருந்தது. வடக்கே இமயமலை ஓடைகளின் ஓரமாகப் பூச்சி பிடித்துத் தின்று, வருஷம் முழுக்க அங்கேயே காலம் தள்ளியது.

அந்தக் கூட்டத்தில் துடுக்கி என்று ஒருத்தி இருந்தாள். எதற்கும் அசராதவள். அவள் தங்கை மெல்லியோ இலை அசைந்தாலே பயப்படுவாள். ஒரு கார்த்திகை மாத விடியலில் மெல்லி ஓடையோரம் நின்றபோது வால் தண்ணீரில் பட்டுவிட்டது. பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் உறைந்து வாலைக் கவ்விக்கொண்டது. துடுக்கி கொத்திக் கொத்திப் பனியை உடைத்துத் தங்கையை மீட்டாள். உயிர் மிஞ்சியது, வால் இறகில் பாதி போய்விட்டது.

"இனி இங்க இருந்தா செத்துப்போயிடுவோம். தண்ணி உறையாத ஊராப் பாத்துப் போவோம் வா" என்றாள் துடுக்கி.

"அரை வாலோட எவ்வளவு தூரம்கா பறப்பேன்?"

"நான் இருக்கேன்ல, வாடி."

இருவரும் தெற்கே பறந்தார்கள். மெல்லி காற்றில் அல்லாடி அல்லாடித்தான் வந்தாள். முதலில் ஒரு மணல் காட்டில், குளக்கரையில் இறங்கினார்கள். அங்கே நின்ற ஒட்டகத்திடம், "இங்க குளிர் எப்படி?" என்று கேட்டாள் துடுக்கி.

"ஐயையோ, விடியக்காலத்துல உயிரே போகுது. இதுக்கு மிஞ்சின குளிர் உலகத்துலயே கிடையாது" என்றது ஒட்டகம்.

அந்த ஊர்க்காரனே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துடுக்கி நம்பினாள். அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம் கோட்டை விட்டது. குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பினார்கள்.

பல நாள் கழித்து நீலகிரியில் இறங்கினார்கள். ஒரு மலையணில் வாலைப் போர்த்திக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது. "புல்லெல்லாம் வெள்ளையாக் கிடக்கு, தெரியலையா? எங்க குளிருக்கு முன்னால மத்த ஊர்க் குளிரெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றது, பெருமையாக. ஓடை பக்கத்தில்தான் சலசலத்தது. துடுக்கி அதையும் பார்க்கவில்லை.

மார்கழிப் பிறப்பன்று விடியலில் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓர் எருமை தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

"வாங்க தாயி. இங்க தங்கணும்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றது எருமை. "இந்த வருசக் குளிரு மாதிரி நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. கொம்பு வரைக்கும் சில்லிட்டுப் போச்சி. நான் ஆத்துல எறங்கியே மூணு நாளாச்சின்னா பாத்துக்கிடுங்க."

அதைக் கேட்டதும் மெல்லி மணலில் சரிந்துவிட்டாள். "அக்கா, இனி ரெக்கையத் தூக்க முடியாது. நீயாவது போ."

எங்கே போவது? அதற்கும் தெற்கே போனால் கடல்தான். பிறந்ததிலிருந்து அன்றுதான் துடுக்கி பயந்தாள். அடுத்த கணமே அந்தப் பயம் கோபமாக மாறியது.

"ஒட்டகம் சொன்னான், அணில் சொன்னான், இப்ப நீங்க சொல்றீங்க. ஆளாளுக்குச் சொல்றதக் கேட்டுக் கேட்டு என் தங்கச்சியக் கொன்னுட்டேனே!" என்று கத்தினாள். விறுவிறுவென்று ஆற்றுக்குப் போய், திரும்பி நின்று, வாலை முழுசாகத் தண்ணீரில் முக்கினாள்.

"அக்கா, வேண்டாம்! பிடிச்சுக்கும்!" என்று அலறினாள் மெல்லி.

துடுக்கி அசையவில்லை. பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். வெயில் வரும்வரை நின்றுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாலை இழுத்தாள். வால் சுளுவாக வெளியே வந்தது. மேலும் கீழும் ஆட்டினாள்; சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெறித்தது. பிறவியிலிருந்து விறைத்துக் கிடந்த வால் இப்போது சொன்னபடி கேட்டது.

"மெல்லி! தண்ணி வெதுவெதுன்னு இருக்குடி! பூச்சி எப்படிப் பறக்குது பாரு!"

துடுக்கி பூச்சியாகப் பிடித்துப் பிடித்துத் தங்கைக்கு ஊட்டினாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மெல்லி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எருமை நம்பாமல் ஒரு காலை ஆற்றில் வைத்துப் பார்த்தது. பிறகு கழுத்து வரைக்கும் இறங்கிப் படுத்துக்கொண்டது.

பங்குனியில் ஊர் திரும்பிய அக்காளும் தங்கையும் அடுத்த குளிருக்குக் கூட்டம் முழுவதையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். மணல்காட்டுக் குளத்தில் வாலை நனைத்துப் பார்த்துப் பாதிப் பேர் அங்கேயே தங்கினார்கள். நீலகிரி ஓடையில் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பேர் தங்கினார்கள். இரண்டு இடமும் நல்ல இடம்தான்.

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவி குளிர்காலத்தில் தெற்கே வருகிறது. இறங்கிய இடத்தில் யாரையும் எதுவும் கேட்காமல், தண்ணீரோரமாக நின்று வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த மார்கழியில் நீங்கள் போர்வையோடு வாசலுக்கு வந்து, "இந்த வருஷம் மாதிரி குளிர் எந்த வருஷமும் இல்லப்பா" என்று சொல்லிப் பாருங்கள். குழாயடி ஈரத்தில் நிற்கிற வாலாட்டி உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தடவை ஆட்டும்.