கண்ணாடியில் வந்த வலம்புரி

கொற்றையூரை ஆண்ட வீரகேசரி மகாராஜாவிடம் எல்லாம் இருந்தது, கொஞ்சம் யோசனையைத் தவிர. அதுவும் இருந்திருந்தால் நமக்குக் கதை ஏது?

ஒருநாள் சபையில் திடீரென்று அறிவித்துவிட்டார்: "எனக்கு வலம்புரிச் சங்கு காட்டுகிறவருக்குக் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை முழுவதும் மானியம்!"

அரசவை விகடன் செவ்வந்தியப்பன் செய்தியோடு வீட்டுக்கு ஓடினான். கிளிஞ்சல்மேடு அவன் மாமனார் ஊர். மனைவி வள்ளிமயில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எங்கப்பா வலை உலர்த்துற மணலை எவனாவது வளைச்சுப் போட்டான்னா, நீங்க அரண்மனையிலேயே சாப்பிட்டுக்குங்க."

சீக்கிரமே கருவூல அதிகாரி சொக்கேசர் சங்கோடு வந்து நின்றார். அடடா, என்ன பக்தி! சங்கைத் திரைக்குப் பின்னால் வைத்து, அது சபைக்குத் தெரிகிற மாதிரி ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினார்.

"நேரே பார்த்தால் கண் அவிந்துவிடும், பிரபு. கண்ணாடியில்தான் தரிசிக்க வேண்டும்."

சாதாரணச் சங்கின் சுழி இடப்பக்கம் போகும். கண்ணாடியில் தெரிந்த சுழியோ வலப்பக்கம் போனது. மகாராஜா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சபையும் விழுந்தது. ராஜா விழுந்தபின் நின்றுகொண்டிருக்க யாருக்குத் தைரியம்?

எழுந்த மகாராஜாவைச் செவ்வந்தியப்பன் கண்ணாடியில் பார்த்தான். இடுப்பு வாளைக் கண்டதும் அப்பாடா என்றிருந்தது.

"மகாராஜா, உங்க வாளை யாரோ இடம் மாத்திட்டாங்க! கண்ணாடியில பாருங்க, வலது இடுப்புல தொங்குது."

"மடையா, கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத்தான் தெரியும்."

"எல்லாமுமா? அப்போ சங்கு?"

மகாராஜா திரையை விலக்கினார். கண் ஒன்றும் அவியவில்லை. தட்டில் இருந்தது, எந்தச் சந்தையிலும் கிடைக்கிற இடம்புரி.

சொக்கேசர் அசருவாரா? "வலம்புரிக்கும் இதற்கும் எடை ஒன்று, நிறம் ஒன்று, நீளம் ஒன்று. வைத்த விதம்தான் தப்பு. திருப்பி வைத்தால் சரியாகிவிடும்."

தலைகீழாக வைத்தார். படுக்க வைத்தார். புரட்டினார். வியர்த்ததுதான் மிச்சம். சுழி இடப்பக்கமே போனது.

"ஐயா, உங்க வலது செருப்பும் இடது செருப்பும்கூட ஒரே எடை, ஒரே தோல்" என்றான் செவ்வந்தியப்பன். "வலது செருப்பை எப்படி வேணும்னாலும் திருப்பி, இடது கால்ல மாட்டி நடந்து காட்டுங்க. அப்புறம் சங்கைத் திருப்பலாம்."

சொக்கேசர் சட்டென்று குரலை மாற்றினார். "மகாராஜா கேட்டது என்ன? காட்டச் சொன்னீர்கள். கண்ணாடியில் காட்டினேனா இல்லையா? அரச வாக்கு, பிரபு!"

மகாராஜாவின் முகம் சுண்டிப்போனது. "செவ்வந்தி, மாட்டிக்கொண்டோமே!"

"கொடுத்துடுங்க மகாராஜா."

சொக்கேசருக்கு வாயெல்லாம் பல்.

"அதே கண்ணாடியைக் கிளிஞ்சல்மேட்டுக்குத் தூக்கிட்டுப் போய், கரையைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்க. உள்ளே தெரியுற கரை முழுக்க ஐயாவுக்குத்தான். வலை வீசலாம், மீன் பிடிக்கலாம், ஒரு பய கேட்க மாட்டான். வெளியே கிடக்கிற வெறும் மணலை மட்டும் மீனவங்களுக்கு விட்டுடுங்க, பாவம்."

மகாராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். "பலே! உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"அந்தக் கரை என்றைக்கும் மீனவங்களுக்கேன்னு ஒரு பட்டயம், மகாராஜா." செவ்வந்தியப்பன் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "தயவுசெஞ்சு அதை மட்டும் நேரே கையில கொடுத்துடுங்க."